வீட்டு மீடியா சர்வர்: குறைந்த செலவில் எந்தக் கணினியை வாங்கலாம்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதி, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத பழைய கணினிகளை அலுவலகங்கள் கழித்துவிட, அவை மறுவிற்பனைக் கடைகளுக்கு வந்து சேர்கின்றன.

இதுக்கும் உங்க அம்மா அப்பாவோட கல்யாண விசிடிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு.

அலுவலகத்துக்கு ஆகாத அந்தச் சின்னக் கணினி, வீட்டு மீடியா சர்வராக வேலை செய்யத் தாராளமாகப் போதும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தமிழ்க் குடும்பங்களிடம் விசிடி, டிவிடி, பழைய ஹார்ட் டிஸ்க், ஐந்தாறு கைத்தொலைபேசிகள் என்று நினைவுகள் சிதறிக் கிடக்கின்றன. வீட்டில் பதிவு செய்யும் டிஸ்க்குகள் சாயப் பூச்சில் எழுதப்படுபவை. நம் ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அந்தப் பூச்சு மெல்ல மெல்ல வீணாகும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட இது தோதான விஷயம் இல்லை.

புதிதாகத் தொடங்குபவர் என்ன வாங்கலாம், எதை வாங்கக் கூடாது, மாதம் எவ்வளவு மின்கட்டணம் ஏறும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மீடியா சர்வர் என்றால் என்ன?

உங்கள் படங்கள், பாடல்கள், குடும்ப வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள டிவி, கைத்தொலைபேசி, மடிக்கணினி எது கேட்டாலும் அனுப்பிவைக்கும் கணினிதான் மீடியா சர்வர். நெட்ஃபிளிக்ஸ் போலவே திரையில் படங்களின் பட்டியல் தெரியும். பெரிய வித்தியாசம், அதில் இருப்பதெல்லாம் உங்களுடையது. உரிமம் முடிந்துவிட்டது என்று யாரும் எடுத்துவிட மாட்டார்கள்.

இதற்கு மூன்று விஷயம் தேவை. ஒரு கணினி, கோப்புகளை வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க், இரண்டையும் இணைத்து நடத்தும் ஒரு மென்பொருள். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பணம் போவது முதல் இரண்டுக்குத்தான்.

முதலில் கணக்கு: எவ்வளவு இடம் வேண்டும்?

நிறைய பேர் இங்கேதான் அவசரப்பட்டு 16 டெராபைட் டிஸ்க் தேடுகிறார்கள். கடைக்குப் போகும் முன், வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்க.

ஒரு விசிடியில் சுமார் 700 மெகாபைட் இருக்கும். சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிகாபைட் வரை. ஐபோனில் சிக்கன முறையில் எடுக்கும் 1080பி வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 60 மெகாபைட். அதையே 4கே தரத்தில் எடுத்தால் சுமார் 170 மெகாபைட்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

- 100 விசிடி: 70 ஜிகாபைட்
- 40 டிவிடி: 188 ஜிகாபைட்
- தலா 3 மெகாபைட் அளவில் 20,000 புகைப்படங்கள்: 60 ஜிகாபைட்
- 50 மணி நேர 1080பி கைத்தொலைபேசி வீடியோ: 180 ஜிகாபைட்

மொத்தம் 498 ஜிகாபைட். அரை டெராபைட்கூட வரவில்லை. வருங்காலத்துக்கும் சேர்த்து 2 டெராபைட் வாங்கினால் பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லை. 4கே படங்களையும் புளூ-ரே டிஸ்க்குகளையும் அப்படியே சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் 8 டெராபைட், 12 டெராபைட் எல்லாம்.

இங்கே மிச்சமாகும் பணத்தில் இரண்டாவது டிஸ்க் ஒன்றை வாங்கலாம். அது எதற்கு என்பதைக் கீழே பார்ப்போம்.

எல்லாக் குழப்பத்துக்கும் காரணமான ஒரு சொல்: டிரான்ஸ்கோடிங்

எந்தக் கணினி என்று முடிவு செய்ய, இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும்.

வீடியோக்கள் வெவ்வேறு 'மொழிகளில்' எழுதப்பட்டவை என்று வைத்துக்கொள்ளுங்கள். விசிடியின் மொழி எம்பெக்-1, டிவிடியின் மொழி எம்பெக்-2. பிறகு எச்.264, எச்இவிசி, ஏவி1 என்று புதியவை வந்தன. உங்கள் டிவிக்கு அந்த மொழி தெரிந்தால், சர்வர் கோப்பை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடும். இதற்கு 'டைரக்ட் பிளே' என்று பெயர். கணினிக்கு இதில் வேலையே இல்லை; பத்து ஆண்டுப் பழைய கணினிகூடச் செய்யும்.

டிவிக்கோ பிரவுசருக்கோ அந்த மொழி தெரியாவிட்டால்? நீங்கள் பார்க்கும் அதே நேரத்தில் சர்வர் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். கல்யாணத்தில் தாத்தாவுக்குத் தமிழிலும் மலாய் நண்பருக்கு மலாயிலும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த ஒருத்தர் மாதிரி. இதுதான் டிரான்ஸ்கோடிங். இதற்குத்தான் கணினிக்குச் சக்தி வேண்டும்.

டிரான்ஸ்கோடிங் எப்போது தேவைப்படும்? மூன்று இடங்களில்.

முதலாவது, கோப்பின் மொழி கருவிக்குப் புரியாதபோது. டிவிடியின் எம்பெக்-2 வீடியோவை கூகுள் குரோம் போன்ற பிரவுசர்கள் நேரடியாக ஓட்டாது.

இரண்டாவது, வீட்டுக்கு வெளியிலிருந்து மெதுவான இணைப்பில் பார்க்கும்போது. பெரிய கோப்பைச் சின்னதாக்கி அனுப்ப வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாதது: சப்டைட்டில். டிவிடி, புளூ-ரே டிஸ்க்குகளில் வரும் சப்டைட்டில்கள் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். பல கருவிகளில் அதைக் காட்ட, சர்வர் வீடியோவின் மேலேயே அதைப் பதித்து முழு வீடியோவையும் மறுபடி உருவாக்க வேண்டும். அம்மாவுக்குத் தமிழ்ப் படம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பருக்கு ஆங்கில சப்டைட்டில் என்று போட்டதும் படம் திக்கித் திணறினால், பெரும்பாலும் இதுதான் காரணம். எஸ்ஆர்டி என்ற எழுத்து வடிவ சப்டைட்டிலுக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும்.

செலவைக் குறைக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, பழைய வீடியோக்களை முன்கூட்டியே ஒருமுறை எச்.264-க்கு மாற்றி வைத்துவிடலாம். இன்றைய டிவி, கைத்தொலைபேசி, பிரவுசர் அநேகமாக எல்லாமே இதை அப்படியே ஓட்டும். ஓர் இரவு கணினியை ஓடவிட்டால், பிறகு தினமும் சர்வர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அசல் கோப்பை அழிச்சிடாதீங்க. மாற்றும்போது தரம் கொஞ்சம் குறையும். போன தரம் திரும்ப வராது.

எந்தக் கணினி?

வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினி

முதலில் இதை முயற்சி பண்ணுங்க. செலவு பூஜ்யம். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. மின்சாரம் போனால் அதன் பேட்டரியே கொஞ்ச நேரம் தாங்கும். எச்சரிக்கை ஒன்று: வருடக்கணக்கில் செருகியபடியே ஓடும் பழைய மடிக்கணினியின் பேட்டரி வீங்கலாம். அடிப்பாகம் உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, உடனே நிறுத்திவிட்டுக் கடையில் கொடுத்து அந்தப் பேட்டரியை எடுத்துவிடுங்க.

பழைய அலுவலகக் கணினி

சில நூறு ரிங்கிட்டில் முடிக்க நினைப்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி ஆகிய மூன்று பெயர்களைத் தேடுங்க. தடிமனான புத்தகம் அளவில்தான் இருக்கும்.

உள்ளே எந்தத் தலைமுறை இன்டெல் சிப் என்று பார்ப்பது முக்கியம். இன்டெல் சிப்களில் 'குவிக் சிங்க்' என்று வீடியோ மொழிபெயர்ப்புக்கென்றே தனிப் பகுதி உண்டு. 2011-ல் வந்தது. ஆனால் இன்றைய 4கே படங்களில் அதிகம் பயன்படும் 10-பிட் எச்இவிசியை அது முழுமையாகக் கையாளத் தொடங்கியது 7-ஆம் தலைமுறையிலிருந்துதான்.

தலைமுறையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்க. ஐ5-6500டி என்றால் 6-ஆம் தலைமுறை. ஐ5-7500டி என்றால் 7. ஐ5-8500டி என்றால் 8. கடைசியில் வரும் 'டி', மின்சாரம் குறைவாக இழுக்கும் வகை என்பதைக் காட்டும். 'எஃப்' என்று முடிந்தால் வேண்டாம். அதில் குவிக் சிங்க் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியே கிடையாது.

விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் தவிர, 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஓடும். அதனால் அலுவலகங்களுக்கு 7-ஆம் தலைமுறை கணினி தேவையில்லாத பொருளாகிவிட்டது. உங்களுக்கோ அதன் வீடியோ திறன் போதும், விண்டோஸும் தேவையில்லை. உபுண்டு அல்லது டெபியன் என்ற இலவச லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். மலிவு விலையும் போதுமான திறனும் சந்திக்கும் இடம் அது.

வாங்கும் முன் ஒரு விஷயம்: இந்தக் குட்டிப் பெட்டிகளுக்குள் 3.5 அங்குல பெரிய ஹார்ட் டிஸ்க் நுழையாது. யுஎஸ்பி வழியாக வெளியில் வைப்பது பிடிக்கவில்லை என்றால், அதே மாடலில் 'எஸ்எஃப்எஃப்' எனப்படும் சற்றே பெரிய பெட்டியைக் கேளுங்க.

என்100 மினி கணினி

புதிதாகவே வேண்டும் என்பவர்களுக்கு 2023-ல் சந்தைக்கு வந்த இன்டெல் என்100 சிப் உள்ள மினி கணினி நல்ல தேர்வு. நான்கு கோர்கள், 6 வாட் வகுப்புச் சிப். 10-பிட் எச்இவிசி, ஏவி1 இரண்டையும் வாசிக்கும். ஓரிரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் வீட்டுக்கு இது தாராளம்.

ஆனால் பெயர் தெரியாத பிராண்டுகள் இதில் அதிகம். உத்தரவாதம் யார் தருகிறார், உள்ளூரில் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்க. 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை உலக அளவில் ஏறியிருப்பதால், விளம்பரத்தில் உள்ள விலை ரேம், எஸ்எஸ்டியோடு சேர்ந்ததா, வெறும் பெட்டிக்கு மட்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மீடியா சர்வருக்கு 8 ஜிகாபைட் ரேம் போதும்.

ராஸ்பெர்ரி பை

இணையத்தில் எங்கே பார்த்தாலும் இதன் பெயர் வரும். கற்றுக்கொள்ள அருமையான கருவிதான். ஆனால் 2023-ல் வந்த ராஸ்பெர்ரி பை 5-ல் வீடியோவை மறுபடி உருவாக்கும் தனி வன்பொருள் இல்லை. டைரக்ட் பிளே மட்டும்தான் என்றால் சரி. பவர் அடாப்டர், பெட்டி, விசிறி, சேமிப்பு என்று சேர்த்துப் பார்த்தால், பழைய அலுவலகக் கணினியைவிடப் பெரிய மிச்சமும் இல்லை.

ரெடிமேட் நாஸ் பெட்டி

சைனாலஜி, கியூநாப் போன்றவை. கோப்புகளைப் பாதுகாக்க எளிது, சத்தம் குறைவு. ஆனால் விலை குறைந்த மாடல்களில் இருக்கும் சிப்புகள் டிரான்ஸ்கோடிங்குக்கு ஏற்றவை அல்ல. டிஸ்க்கையும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். சைனாலஜி தன் சொந்த 'வீடியோ ஸ்டேஷன்' செயலியை 2024-ல் வந்த டிஎஸ்எம் 7.2.2 பதிப்போடு நிறுத்திவிட்டது. படம் பார்ப்பதற்காகவே வாங்குகிறீர்கள் என்றால், தொடக்கத்தில் இது வேண்டாமே.

மின்கட்டணம் எவ்வளவு ஏறும்?

சர்வர் 24 மணி நேரமும் ஓடும். எனவே வாங்கும் விலை பாதிக் கதைதான்.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள வீட்டுக் கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்துபவர்களுக்கு ஆற்றல், திறன், மின்பிணையம் என்று மூன்று கட்டணங்கள் சேர்ந்து ஒரு யூனிட்டுக்கு 44.43 சென் ஆகின்றன. மாதம் 1,000 யூனிட் வரை பயன்படுத்துபவர்களுக்குச் சிக்கனச் சலுகை உண்டு. எரிபொருள் விலையைப் பொறுத்து மாதாந்தரச் சரிக்கட்டலும் வரும். அவற்றை ஒதுக்கிவிட்டு, தோராயமாக இப்படிக் கணக்குப் போடலாம்.

சராசரியாக 10 வாட் இழுக்கும் மினி கணினி: மாதம் 7.2 யூனிட், சுமார் 3 ரிங்கிட் 20 சென்.

சராசரியாக 70 வாட் இழுக்கும் பழைய கேமிங் கணினி: மாதம் 50.4 யூனிட், சுமார் 22 ரிங்கிட் 40 சென்.

ஆண்டுக்கு வித்தியாசம் 230 ரிங்கிட். அண்ணன் சும்மா கொடுக்கிறேன் என்ற பழைய கேமிங் கணினி, இரண்டு ஆண்டில் ஒரு மினி கணினியின் விலையை விழுங்கிவிடும். 'ஃப்ரீ'யா வந்தது ஃப்ரீ இல்லை.

மின்னல் விஷயத்தையும் மறக்க வேண்டாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நேர இடி மழை யாருக்கும் புதிதல்ல. சர்வர், மோடம் இரண்டையும் சர்ஜ் பாதுகாப்பு உள்ள பவர் பட்டையில் செருகுங்க. பவர் பட்டை, அடாப்டர் எதுவானாலும் சிரிம் முத்திரை பார்த்து வாங்குங்க.

ஹார்ட் டிஸ்க்: இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

கணினி போனால் வேறு வாங்கலாம். பாட்டியின் குரல் பதிவாகியிருக்கும் டிஸ்க் போனால், போனதுதான்.

ஒரே விதி: ஒரு டிஸ்க்கில் மட்டும் இருக்கும் கோப்பு, பாதுகாப்பாக இல்லாத கோப்பு. பணம் இருந்தால் ஒரு பெரிய டிஸ்க் வாங்குவதைவிட, இரண்டு சின்ன டிஸ்க் வாங்குவது புத்திசாலித்தனம். ஒன்று சர்வரில் ஓடட்டும். இன்னொன்றில் மாதம் ஒருமுறை நகல் எடுத்துவிட்டு, கழற்றி வேறு வீட்டில் வையுங்க.

வேறு வீட்டில் ஏன்? 2021 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளானின் பல பகுதிகள் என்று வீடுகள் நீரில் மூழ்கின. தரைத்தளத்தில் இருந்த ஆல்பமும் டிஸ்க்கும் கணினியும் ஒரே வீட்டில் இருந்தால், எத்தனை நகல் இருந்தாலும் எல்லாம் ஒன்றாகத்தான் போகும். நீங்கள் கிள்ளானில் இருந்தால் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு நகல். அக்காவின் நகல் உங்கள் வீட்டில். செலவில்லாத காப்பீடு. தரைவீட்டில் இருப்பவர்கள் சர்வரையும் தரையில் வைக்காமல் மேல் தட்டில் வையுங்க.

இரண்டு டிஸ்க்கை ஒன்றுக்கொன்று கண்ணாடி போல் இயங்க வைக்கும் 'ரெய்டு' முறை நகலுக்கு ஈடாகாது. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும்.

வாங்கும்போது விலையை டெராபைட்டால் வகுத்துப் பாருங்க. அப்போதுதான் எது உண்மையில் மலிவு என்று தெரியும். நாஸ் பெட்டியில் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டப் போகிறீர்கள் என்றால், 'சிஎம்ஆர்' வகையைக் கேளுங்க; சீகேட் அயன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் இரண்டும் அந்த வகை. வெளியில் வைக்கும் ஒற்றை டிஸ்க்குக்கு 'எஸ்எம்ஆர்' இருந்தாலும் ஓடும், எழுதும் வேகம்தான் குறையும்.

இணையத்தில் '16 டெராபைட் எஸ்எஸ்டி' அடிமாட்டு விலைக்கு வந்தால் தொடாதீங்க. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, பெரிய அளவு இருப்பதுபோல் காட்டும் பழைய மோசடி அது. நிரம்பியதும் கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

எங்கே வாங்குவது, என்ன சோதிப்பது?

1999-ல் திறக்கப்பட்ட புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசா இன்னமும் நேரில் பார்த்து வாங்க வசதியான இடம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேஎல் சென்ட்ரல் மோனோரயில் ஏறி இம்பி நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து மாறிக்கொள்ளலாம். பெட்டாலிங் ஜெயா 14-ஆம் பிரிவில் டிஜிட்டல் மால் இருக்கிறது. முதல் கடையிலேயே பணம் கட்டிடாதீங்க. மூன்று கடையில் விலை கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்க.

பழைய கணினி என்றால், கடையிலேயே இந்த ஐந்தையும் பாருங்க.

1. கணினியை இயக்கி, பயாஸ் திரைக்குள் போகச் சொல்லுங்க. கடவுச்சொல் கேட்டால், பழைய நிறுவனத்தின் பூட்டு இன்னும் இருக்கிறது. வேண்டாம்.
2. பவர் அடாப்டர் அதே பிராண்டின் அசல்தானா? சில மாடல்கள் வேறு அடாப்டர் போட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.
3. உள்ளே இருக்கும் டிஸ்க்கின் ஆரோக்கியத்தை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் காட்டச் சொல்லுங்க. 'ஓடிய மணி நேரம்' பாருங்க. ஓர் ஆண்டு இடைவிடாமல் ஓடினால் 8,760 மணி நேரம். பழுதான செக்டர் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், உங்கள் கோப்புகளை அதில் வைக்காதீங்க.
4. விசிறிச் சத்தத்தைக் கேளுங்க. கடை இரைச்சலில் கேட்காது. காதைப் பக்கத்தில் கொண்டு போங்க. வரவேற்பறையில் வைக்கப்போகும் பொருள் இது.
5. ரசீதில் மாடல் எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதியிருக்க வேண்டும்.

ரசீது ஏன் முக்கியம்? 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பதிவு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கையில் ஆதாரம் வேண்டும்.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினால் இன்னொரு கணக்கு. 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு மிகாத இறக்குமதிப் பொருட்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்க.

வைஃபையா, கேபிளா?

முடிந்தால் சர்வரை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து, கேபிள் போட்டு இணையுங்க. கேட் 5இ கேபிள் போதும். அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டு, மேல் வீட்டு வைஃபை எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். டிவிக்கு வைஃபைதான் என்றால், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்க.

ஒரு வேடிக்கை: பல ஸ்மார்ட் டிவிகளின் கேபிள் துளை 100 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். புளூ-ரே தர 4கே படங்களுக்கு அது சில நேரம் போதாது. அந்த நேரத்தில் வைஃபையே வேகமாக இருக்கலாம்.

இன்னொன்று: வீட்டுக்குள் பார்ப்பதற்கு இணைய வேகம் முக்கியமே இல்லை. உங்கள் இணையத் திட்டத்தை உயர்த்துவதால் படம் சீராக ஓடாது.

எந்த மென்பொருள்?

2018 டிசம்பரில், எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, அதிலிருந்து பிரிந்து உருவானது ஜெல்லிஃபின். முழுவதும் இலவசம், கணக்குத் திறக்க வேண்டாம், வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்கும் கட்டணம் இல்லை. தொடங்குபவர்களுக்கு இதுவே போதும்.

பிளெக்ஸ் பார்க்க அழகாக இருக்கும், டிவி செயலிகளும் அதிகம். ஆனால் வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்கு 'பிளெக்ஸ் பாஸ்' சந்தா தேவை. 2025 ஏப்ரல் 29 முதல், உங்கள் சொந்த சர்வரில் உள்ள வீடியோவை வெளியிலிருந்து பார்க்கவும் கட்டணம்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் ஒழுங்கு இருந்தால், படத்தின் போஸ்டர், நடிகர் விவரம் எல்லாம் தானாக வந்துவிடும். படத்தின் பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆண்டு. ஒரே பெயரில் இரண்டு மூன்று தமிழ்ப் படங்கள் இருப்பதால், ஆண்டை விடாதீங்க. குடும்ப வீடியோக்களுக்குத் தனி நூலகம் திறந்து, நாளையும் நிகழ்ச்சியையும் பெயராக வையுங்க: '2004-02 பத்துமலை தைப்பூசம்' என்பதுபோல். முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

வெளியிலிருந்து பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் ரவுட்டரில் கதவைத் திறந்துவைத்து சர்வரை நேரடியாக இணையத்தில் காட்டாதீங்க. டெயில்ஸ்கேல் போன்ற தனிப்பட்ட இணைப்புச் சேவை, தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம். உங்கள் கைத்தொலைபேசிக்கும் சர்வருக்கும் இடையே மட்டும் ஒரு சுரங்கப்பாதை போட்டுக் கொடுக்கும்.

புதுப்பிப்புகளையும் தள்ளிப்போடாதீங்க. 2022-ல் கடவுச்சொல் நிறுவனமான லாஸ்ட்பாஸ் ஊடுருவப்பட்டபோது, அதன் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த பழைய பிளெக்ஸ் பதிப்பின் ஓட்டையே வழியாக அமைந்தது. அந்த ஓட்டையை பிளெக்ஸ் 2020-லேயே அடைத்துவிட்டது, அவர்தான் புதுப்பிக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மீடியா சர்வர் வைத்திருப்பது குற்றமில்லை. அதில் என்ன இருக்கிறது, யாரோடு பகிர்கிறீர்கள் என்பதே கேள்வி.

2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், பதிப்புரிமையை மீறும் ஸ்ட்ரீமிங் தொழில்நுட்பத்தை விற்பது, வழங்குவது போன்றவற்றைக் குற்றமாக்குகிறது. அபராதம் 10,000 ரிங்கிட்டிலிருந்து 200,000 ரிங்கிட் வரை, அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். திருட்டுச் செயலிகள் ஏற்றப்பட்ட ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளை விற்பவர்களும் இதில் சிக்கலாம். உங்கள் சர்வரில் படங்களை நிரப்பி, மாதம் 10 ரிங்கிட் வாங்கிக்கொண்டு நண்பர்களுக்குத் திறந்துவிடும் யோசனை இருந்தால், இப்போதே விட்டுடுங்க.

ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ காசு கொடுத்து வாங்கிய அசல் பட டிவிடியும் கவனிக்க வேண்டியது. கடை டிவிடிகளில் பெரும்பாலும் நகல் பூட்டு இருக்கும். அந்தப் பூட்டை உடைப்பதையே நம் சட்டம் தனியாகக் கட்டுப்படுத்துகிறது. கல்யாண வீடியோ, பள்ளி ஆண்டு விழா, தைப்பூசக் காவடி போன்ற வீட்டுப் பதிவுகளில் அப்படிப் பூட்டு எதுவும் இருக்காது. தொடங்க அதுவே நல்ல இடம்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பணம் செலவழிக்காமல் ஒரு வார இறுதியில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

வீட்டில் இருக்கும் கணினியில் ஜெல்லிஃபின் போடுங்க. டிவிடி டிரைவ் இல்லை என்றால், யுஎஸ்பியில் செருகும் ஒன்றை நண்பரிடம் இரவல் கேளுங்க. விசிடியில் 'எம்பெக்ஏவி' என்ற உறைக்குள் இருக்கும் 'டாட்' கோப்புதான் வீடியோ. அதை அப்படியே நகலெடுத்து விஎல்சியில் திறந்து பாருங்க. டிவிடியில் 'வீடியோ_டிஎஸ்' என்ற உறை முழுவதையும் எடுங்க. டிஸ்க்கில் கீறல் இருந்தால் ஓரிடத்தில் நின்று நின்று ஓடும். வேறொரு டிரைவில் போட்டுப் பார்த்தால் சில நேரம் படித்துவிடும்.

ஐந்து டிஸ்க்கை ஏற்றி, டிவியில் ஓட்டிப் பாருங்க. எது திணறுகிறது என்று அப்போது தெரியும். எதுவும் திணறவில்லை என்றால் புதுக் கணினியே வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு டிஸ்க் வாங்குங்க. திணறினால் 7-ஆம் தலைமுறை அலுவலகக் கணினி. புதிதாக, உத்தரவாதத்தோடு வேண்டும் என்றால் என்100.

வரிசையை மட்டும் மாத்திடாதீங்க. முதலில் டிஸ்க்கிலிருந்து நகல், அடுத்து இரண்டாவது நகல், அதன் பிறகுதான் அழகான சர்வர். கணினி அடுத்த மாதமும் கடையில் இருக்கும். இருபது ஆண்டுப் பழைய விசிடி அதுவரை படிக்குமா என்பதுதான் சந்தேகம்.